கடலோர வீட்டுக்கு எது வேலி?

கஜா புயல் 2018 நவம்பர் 16-ம் தேதி அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பகுதிகளில் தென்னைகள் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. வேதாரண்யத்தில் மாந்தோப்புகள் வேரோடு போயின. நிவாரணம், மறுநடவு, காப்பீடு என்று தோப்புகளைப் பற்றி அதன்பின் நிறையப் பேசிவிட்டோம். வீட்டு வாசலிலும் கொல்லையிலும் களத்துமேட்டிலும் நின்று விழுந்த மரங்களைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. அந்த இடங்களில் இன்று நடப்பதைப் பார்த்தால் கவலையாக இருக்கிறது.

ஒரு பக்கம் பயம். கூரை மீதும் மின்கம்பி மீதும் மரம் விழுந்ததைக் கண்டவர்கள், 'இனி வீட்டுப் பக்கம் மரமே வேண்டாம்' என்று எஞ்சி நின்றதையும் வெட்டிவிட்டு ஹாலோ பிளாக் சுவர் எழுப்புகிறார்கள். இன்னொரு பக்கம் அவசரம். மறைப்பும் வேண்டும், பச்சையும் வேண்டும், இரண்டு வருடத்தில் வளர்ந்துவிட வேண்டும் என்று நர்சரிக்காரர் கையில் கொடுத்ததை வரிசையாக நட்டுவிடுகிறார்கள். அப்படி வந்து சேர்ந்ததுதான் கோனோகார்பஸ்.

இரண்டு வழியும் நம் மண்ணுக்குப் பொருந்தாதவை. கடலோர டெல்டாவில் வீட்டைச் சுற்றி மரம் அவசியம் வேண்டும். ஆனால் எந்த மரம், எந்த இடத்தில் என்பதைக் காற்றும் உப்பும் தேங்கும் தண்ணீரும்தான் முடிவு செய்ய வேண்டும்.

வேகமாக வளரும் வேலியின் கதை

குளிர் நாடுகளில் கடலோர வீட்டுக்கு மரம் தேடுபவர்கள், உறைபனியைத் தாங்குமா என்றுதான் முதலில் கேட்பார்கள். பிரிட்டனில் அப்படிப் பரவியது லேலண்டு சைப்ரஸ். குளிர் தாங்கும், உப்புக் காற்றையும் ஓரளவு தாங்கும், வேகமாக வளரும், ஆண்டு முழுதும் பச்சையாக இருக்கும். ஊரெல்லாம் அதையே வேலியாக வைத்தார்கள். அது வளர்ந்து பக்கத்து வீட்டு வெயிலை மறைத்தது. அண்டை வீட்டுச் சண்டைகள் பெருகின. கடைசியில் 2003-ல் இயற்றிய சட்டத்தில், இரண்டு மீட்டருக்கு மேல் உயரும் பசுமை வேலி குறித்து உள்ளாட்சி அமைப்பிடம் புகார் செய்ய வழி செய்ய வேண்டியதாயிற்று.

கோனோகார்பஸின் கதையும் ஏறக்குறைய இதேதான். வளைகுடா நாடுகளில் சாலையோரமும் மதிலோரமும் இதை நிறைய நட்டிருக்கிறார்கள். அங்கே வேலை பார்த்துத் திரும்பிய நம்மவர்களுக்குப் பழகிய மரம். உப்பைத் தாங்கும், ஆடு மாடு சீண்டாது, கத்தரித்தால் சுவர்போல் நிற்கும். ஆனால் அதன் வேர் தண்ணீரைத் தேடிக் குழாய்க்குள்ளும் கழிவுநீர்த் தொட்டிக்குள்ளும் போகிறது. அதன் மகரந்தம் மூச்சுத் தொல்லையையும் ஒவ்வாமையையும் உண்டாக்குகிறது என்ற புகாரும் இருக்கிறது. குஜராத் அரசு 2023-ல் இதை நடுவதற்குத் தடை விதித்தது. தமிழ்நாடு அரசும் அதன்பின் தடை விதித்திருக்கிறது. தடையை விட்டுவிட்டுப் பார்த்தாலும், ஒரு விவசாயி கேட்க வேண்டிய கேள்வி வேறு. இதன் தழை வயலுக்கு ஆகுமா? மாட்டுக்கு ஆகுமா? காய், விதை, எண்ணெய் ஏதாவது கிடைக்குமா? எதுவும் இல்லை என்றால், நம் நிலத்தடி நீரைக் குடிக்க இதை ஏன் வளர்க்க வேண்டும்?

சுவர் காற்றைத் தடுக்காது

மரத்தை வெட்டிவிட்டுச் சுவர் வைத்தவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். காற்றுத் தடுப்பைப் பற்றி உலகெங்கும் வேளாண் ஆய்வுகள் சொல்வது இதுதான்: முழுவதும் அடைத்த தடுப்பைவிட, பாதியளவு காற்றை உள்ளே விடும் தடுப்பே நல்லது. கெட்டியான சுவரில் மோதும் காற்று மேலேறி, மறுபக்கம் சுழன்று விழும். ஓட்டையும் தகரத்தையும் தூக்குவது பெரும்பாலும் அந்தச் சுழல்தான். இலையும் கிளையுமாக உள்ள மர வரிசை காற்றைச் சலித்து, வேகத்தைக் குறைத்து அனுப்பும். அதன் பாதுகாப்பு மரத்தின் உயரத்தைப் போல் பத்து மடங்கு தூரத்துக்கும் மேல் இருக்கும். இருபதடி உயர வேலி இருநூறடி தூரத்துக்கு உதவும். வீடு, மாட்டுக்கொட்டகை, வைக்கோல் போர், வாழைக் கொல்லை எல்லாம் அதற்குள் அடங்கும்.

இன்னொன்றும் உண்டு. புயல் காற்று ஒரே திசையில் வீசுவதில்லை. புயலின் மையம் நமக்கு எந்தப் பக்கமாகப் போகிறது என்பதைப் பொறுத்து, வாடையாகத் தொடங்கி மேல்காற்றாகவோ, கொண்டலாகத் தொடங்கிச் சோழகமாகவோ திரும்பும். மையம் நேராகக் கடந்தால் சற்று ஓய்ந்து, எதிர்த்திசையிலிருந்து அடிக்கும். முதல் காற்றில் வேர் தளர்ந்த மரம் இரண்டாவது காற்றில் விழும். எனவே கடல் இருக்கும் கிழக்குப் பக்கம் மட்டும் வேலி வைத்தால் போதாது.

எவை நின்றன, ஏன் நின்றன

கஜாவுக்குப் பிறகு டெல்டாவில் யாரைக் கேட்டாலும் சொல்வது, 'தென்னை போச்சு, பனை நின்னுச்சு' என்பதுதான். காரணம் எளிது. பனையின் ஓலை சிறிய விசிறி. தென்னை மட்டை நீளமான பாய். பனையின் தண்டு வைரம் பாய்ந்தது. அதன் சல்லிவேர்கள் நெருக்கமாக ஆழத்துக்கு இறங்கும். அடிக்கடி தண்ணீர் பாய்ச்சி வளர்த்த தென்னைக்கு வேர் பெரும்பாலும் மேல் மண்ணிலேயே பரவியிருந்தது. மழையில் ஊறிய மண், குலை தள்ளிய கனம், அதற்கு மேல் 100 கி.மீ.க்கும் அதிகமான வேகக் காற்று. தாங்கவில்லை. சென்னையில் 2016 டிசம்பர் 12-ல் வந்த வர்தா புயலிலும் குல்மோகர், தூங்குமூஞ்சி போன்ற வெளியூர் மரங்களே அதிகம் விழுந்ததாகப் பேசப்பட்டது.

இதிலிருந்து நாட்டு மரம் எல்லாம் நிற்கும் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. முருங்கை நம் மரம்தான். சிறு காற்றுக்கே முறியும். அகத்தியும் அப்படித்தான். வேம்பு மணற்பாங்கான மேட்டில் நன்றாக நிற்கும். தண்ணீர் தேங்கும் களிமண்ணில் நலிந்துபோகும். தேக்கு ஆற்றங்கரைப் படுகையிலும் வாய்க்கால் கரையிலும் செழிக்கும். உப்புக் காற்றடிக்கும் சேதுபாவாசத்திரம், மல்லிப்பட்டினம் மணலில் அதே தேக்கை நடுவது வீண். வேகமாக வளரும் மலைவேம்பு வலுத்த காற்றில் முறிந்துவிடும். மரத்தின் பெயரோடு மண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மூன்று அடுக்கு உயிர்வேலி

கடலோர டெல்டாவுக்கு ஏற்றது மூன்று அடுக்கு உயிர்வேலி என்பதே என் கருத்து.

அடியில் புதர் அடுக்கு. நொச்சி, ஆடாதொடை, கிளுவை. நொச்சியையும் ஆடாதொடையையும் ஆடு கடிக்காது. இரண்டும் போத்தில் வரும். ஒன்றரை அடி இடைவெளி போதும். வருடத்துக்கு இரண்டு முறை கழித்தால் வேலியும் அடர்த்தியாகும், நடவு வயலில் மிதிக்கத் தழையும் கிடைக்கும். முள்ளுள்ள கிளுவை மாட்டைத் தடுக்கும். கிளுவைப் போத்தைத் தண்ணீர் நிற்காத மேட்டில், மழை தொடங்கும்போது ஊன்ற வேண்டும். சேற்றில் ஊன்றினால் அழுகிவிடும். கடலை ஒட்டிய மணலில் தாழையையும் சேர்த்துக் கொள்ளலாம். அது மணலையே பிடித்து நிறுத்தும்.

நடுவில் பூவரசும் புங்கனும். பூவரசு உப்பைத் தாங்குவதில் கெட்டிக்கார மரம். மரச்சாமானுக்கு ஆகும், கிளையைக் கழித்தால் மீண்டும் தழைக்கும். போத்திலும் வரும் என்பதால் பலர் கிளையை வெட்டி ஊன்றிவிடுகிறார்கள். வேலிக்காலுக்கு அது சரி. காற்றைத் தாங்க வேண்டிய இடத்தில் விதையில் வளர்ந்த கன்றை வைக்க வேண்டும். அதற்குத்தான் ஆணிவேர் உண்டு. புங்கன் உவர் மண்ணிலும் ஈரத்திலும் நிற்கும். அதன் தழை உரத்தைப் பற்றி நெல் விவசாயிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இரண்டையும் 10 முதல் 12 அடி இடைவெளியில் வைக்கலாம். ஒதியன் வேலிக்காலாக இருக்கட்டும். பெரிய மரமாக விட வேண்டாம். ஒதி பெருத்தாலும் உத்தரத்துக்கு ஆகாது, காற்றுக்கும் ஆகாது.

மேலே புன்னையும் பனையும். புன்னை கடற்கரைக்கென்றே பிறந்த மரம். உப்புக் காற்றில் கருகாது, இலை தடிப்பானது, கட்டை படகுக்கு ஆகும். விதை எண்ணெய் விளக்கெரிக்கப் பயன்பட்டது. நாகை மாவட்டக் கடலோரத்தில் அந்த எண்ணெயில் பம்ப்செட் இன்ஜினையே ஓட்டிக் காட்டிய விவசாயி உண்டு. ஒரே குறை, வளர நாளாகும். தஞ்சைக்குப் பக்கத்தில் புன்னைநல்லூர் என்றும், கும்பகோணத்துக்கு அப்பால் திருப்பனந்தாள் என்றும் ஊர்கள் இருக்கின்றன. இந்த மரங்கள் நமக்குப் புதியவை அல்ல என்பதற்கு ஊர்ப் பெயர்களே சாட்சி.

சவுக்கைப் பற்றிக் கேட்பார்கள். 2004 சுனாமியில் கடலூர் மாவட்டக் கடலோரத்தில் அலையாத்தியும் சவுக்கும் அடர்ந்திருந்த இடங்களுக்குப் பின்னால் சேதம் குறைவாக இருந்ததை 2005-ல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. கடற்கரை ஓரப் பட்டையாகச் சவுக்கு நல்லதுதான். ஆனால் காகிதக் கூழுக்கு நெருக்கி நட்டு நான்கைந்து வருடத்தில் ஒட்டுமொத்தமாக வெட்டும் சவுக்கை வேலியாகக் கணக்கில் எடுக்க முடியாது. வெட்டிய ஆண்டில் புயல் வந்தால் வீடு திறந்து கிடக்கும்.

இடமும் இடைவெளியும்

மரம் வீட்டின் மேல் விழும் என்ற பயம் நியாயமானது. அதற்கு விடை மரத்தை ஒழிப்பதில் இல்லை, இடைவெளியில் இருக்கிறது. முழுதாக வளர்ந்தால் எவ்வளவு உயரம் போகுமோ, அவ்வளவு தூரம் வீட்டையும் மின்கம்பியையும் விட்டுத் தள்ளி உயர மரத்தை வைக்க வேண்டும். தென்னைக்கும் இதே கணக்குத்தான். ஐந்து சென்ட் மனையில் இது முடியாது. அங்கே நொச்சி, ஆடாதொடை வேலியும், கழித்துக் கழித்துப் பதினைந்தடிக்குள் வைத்திருக்கும் ஒன்றிரண்டு பூவரசும் போதும். பனையும் புன்னையும் களத்துமேட்டுக்கும் வாய்க்கால் கரைக்கும் போகட்டும்.

பக்கத்து வயல்காரரையும் நினைக்க வேண்டும். நிழல் விழுந்தால் நெல் பதர் ஆகும். வரப்புத் தகராறு வரும். அடுத்தவர் வயலை ஒட்டிய எல்லையில் நிழல் குறைந்த பனையை வைக்கலாம், அதுவும் இரண்டடி உள்ளே தள்ளி.

நடவிலும் கவனம் தேவை. ஆளுயரக் கன்றை வாங்கி நட்டால் பார்க்க அழகாக இருக்கும். பையிலேயே சுருண்ட வேர் மண்ணில் இறங்காமல் அங்கேயே சுற்றும். அப்படிப்பட்ட மரம் பத்தாவது வருடம் காற்றில் கழன்று விழும். முழங்கால் உயரச் சிறு கன்றே நல்லது. களிமண்ணில் ஓரடி மேடு கட்டி, அதன் மேல் நட வேண்டும். ஒவ்வொரு புரட்டாசியிலும் காய்ந்த கிளையையும் ஒரு பக்கமாகச் சாய்ந்த கிளையையும் கழித்துவிட வேண்டும். தென்னையில் காய்ந்த மட்டையையும் முற்றிய குலையையும் இறக்கிவிட்டால் தலைக்கனம் குறையும். இந்த ஒரு நாள் வேலையைத்தான் நாம் பெரும்பாலும் தள்ளிப் போடுகிறோம்.

நாற்றங்கால்கள் மாற வேண்டும்

இவ்வளவு சொன்னாலும், விவசாயி கன்று கேட்டுப் போகும்போது என்ன கிடைக்கிறது? தேக்கு, மகோகனி, மலைவேம்பு. கட்டைக்கு விலை போகும் மரங்களாகவே கன்று உற்பத்தி சாய்ந்திருக்கிறது. பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022-ல் தொடங்கியது. மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 சதவீதமாக்குவது அதன் இலக்கு. 2021-22 வேளாண் நிதிநிலை அறிக்கை 76 லட்சம் பனை விதைகளை அறிவித்தது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்றும் சொன்னது. நல்ல முயற்சிகள். ஆனால் எத்தனை கன்று கொடுத்தோம் என்ற கணக்கோடு நின்றுவிட்டால், வேதாரண்யம் மணலுக்கும் மன்னார்குடி களிமண்ணுக்கும் ஒரே லாரியில் ஒரே கன்றுதான் வந்து சேரும்.

கடலோர வட்டாரங்களுக்கென்று தனிப் பட்டியல் வேண்டும். புன்னை, பூவரசு, புங்கன் கன்றுகளும் நொச்சி, கிளுவைப் போத்துகளும் வட்டார அளவிலேயே கிடைக்க வேண்டும். மகளிர் சுயஉதவிக் குழுக்கள் செய்யக்கூடிய வேலை இது. விதையும் போத்தும் ஊரிலேயே இருக்கின்றன. வேளாண் உதவி அலுவலர்கள் கன்று கொடுக்கும் முன், 'உங்கள் கொல்லையில் தண்ணீர் எத்தனை நாள் நிற்கும்? கடல் எவ்வளவு தூரம்?' என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டாலே பாதித் தவறு குறையும்.

நாகையை 1977 நவம்பரில் ஒரு புயல் தாக்கியது. அதற்கு முன் 1952 நவம்பரிலும் ஒன்று வந்தது. இனியும் வரும். இன்று ஊன்றும் நொச்சி அடுத்த வருடமே வேலியாகும். பூவரசுக்கு ஐந்தாறு வருடம், பனைக்குப் பதினைந்து வருடம் ஆகும். எனவே நாள் எடுப்பதை முதலில் நட வேண்டும். ஆவணி, புரட்டாசியில் பனம்பழம் விழும்போது கொட்டையைப் பொறுக்கி வரப்பு மூலையில் புதைத்துவிட்டால், உயிர்வேலியின் முதல் வேலை காசு செலவில்லாமல் முடிந்துவிடும்.