தற்காலிகப் பிள்ளை

கில்லி என்றால் நம் ஊரில் கில்லிதாண்டு ஆட்டமோ விஜய் படமோதான் ஞாபகத்துக்கு வரும். நான் சொல்ல வந்த கில்லி 11 வயது அமெரிக்கச் சிறுமி. கேத்தரின் பேட்டர்சன் எழுதி 1978-இல் வெளிவந்த 'தி கிரேட் கில்லி ஹாப்கின்ஸ்' என்ற இளையோர் நாவலின் நாயகி. பேத்தி நூலகத்திலிருந்து எடுத்து வந்தாள். அவள் முடித்ததும் நான் கையில் எடுத்தேன். பென்ஷன் வாங்குகிறவன் சிறுவர் புத்தகம் படிக்கக் கூடாது என்று எந்த அரசாணையும் இல்லையே!

கதைக்குப் போகுமுன் ஒரு விளக்கம். அமெரிக்காவில் 'ஃபாஸ்டர் கேர்' என்று ஓர் ஏற்பாடு உண்டு. பெற்றோரால் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளையை அரசு வேறொரு குடும்பத்தில் ஒப்படைக்கும். பராமரிப்புக்குப் பணமும் தரும். இது தத்து அல்ல. பிள்ளை அந்த வீட்டில் சாப்பிடும், தூங்கும், பள்ளிக்கூடம் போகும்; ஆனால் அந்த வீட்டுப் பிள்ளை ஆகிவிடாது. சரிப்படவில்லை என்றால் வேறு வீட்டுக்கு மாற்றிவிடுவார்கள். நம் மொழியில் இதற்குப் பொருத்தமான சொல் இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை. 'வளர்ப்பு வீடு' என்று வைத்துக்கொள்வோம்.

மூன்று வருடத்துக்குள் கில்லிக்கு இது மூன்றாவது வளர்ப்பு வீடு. முன்பு இருந்த ஒரு குடும்பம் ஃபுளோரிடாவுக்குக் குடிபெயர்ந்தபோது இவளை விட்டுவிட்டுப் போய்விட்டது. அன்றிலிருந்து அவள் ஒரு முடிவோடு இருக்கிறாள்: இவர்கள் என்னை அனுப்புவதற்கு முன்னால் நானே இவர்களைக் கதறவைக்கிறேன்! வாயைத் திறந்தால் வசை. பள்ளியில் அடிதடி. கறுப்பினத்தவரான ஆசிரியைக்கு இனவெறி வாழ்த்து அட்டை. இப்போது அவளை ஏற்றுக்கொண்டிருப்பவர் ட்ராட்டர் என்ற பருத்த உடம்புக்காரப் பெண்மணி. அந்த வீட்டில் வில்லியம் எர்னஸ்ட் என்று ஒரு பயந்தாங்கொள்ளிப் பையனும் உண்டு. பக்கத்து வீட்டில் ராண்டால்ஃப் என்ற கண் தெரியாத கறுப்பினப் பெரியவர். தினமும் சாப்பாட்டுக்கு இங்கேதான் வருவார்.

கில்லியிடம் இருக்கும் ஒரே பெரிய சொத்து அம்மாவின் புகைப்படம். அம்மா கலிபோர்னியாவில் இருக்கிறாள். எப்படியாவது அவளிடம் போய்ச் சேரவேண்டும். அதற்காக அந்தப் பெரியவரின் புத்தக அலமாரிக்குப் பின்னால் இருந்த பணத்தைத் திருடுகிறாள். ட்ராட்டரின் பணப்பையிலும் கை வைக்கிறாள். பஸ் நிலையத்தில் போய் சான் பிரான்சிஸ்கோவுக்கு டிக்கெட் கேட்கிறாள். தனியாக வந்த சிறுமியிடம் இத்தனை பணமா என்று சந்தேகப்பட்ட டிக்கெட்காரர் போலீசுக்குச் சொல்லிவிடுகிறார்.

இங்கேதான் எங்கள் வீட்டில் விவாதம் வந்தது. "திருட்டு, பொய், கெட்ட வார்த்தை, ஓடிப்போறது... இதெல்லாம் பிள்ளைங்க படிக்கணுமாப்பா?" என்றாள் மகள். அவள் மட்டுமில்லை, அமெரிக்காவிலேயே பலர் இப்படிக் கேட்டிருக்கிறார்கள். 1979-இல் தேசியப் புத்தக விருது பெற்ற இந்த நாவல், 1990-களில் அங்கே நூலகங்களில் அதிகம் ஆட்சேபிக்கப்பட்ட 100 புத்தகங்களின் பட்டியலிலும் இருந்தது.

என் கருத்து நேர் எதிர். இந்தப் புத்தகத்தைப் பிள்ளைகள் படிக்கட்டும். அவர்களுக்கு முன்னால் பெரியவர்கள் படிக்கட்டும்.

ஏன் சொல்கிறேன் என்றால், ஓடிப்போன பிள்ளையை நாம் எப்போதும் "எதை விட்டு ஓடினாய்?" என்றுதான் விசாரிக்கிறோம். "எங்கே போகப் பார்த்தாய்?" என்று கேட்பதில்லை. கில்லி ஊர் சுற்ற ஓடவில்லை. தனக்கென்று நிரந்தரமாக ஒருத்தி இருக்கிறாள் என்று நம்பி ஓடினாள். எந்த வீட்டில் இருப்பது, எப்போது மாறுவது என்று எல்லாவற்றையும் மற்றவர்கள் முடிவு செய்யும் வாழ்க்கையில் அவளாக எடுத்த முடிவு அது ஒன்றுதான். திருட்டு திருட்டுதான், நியாயப்படுத்தவில்லை. நாவலாசிரியரும் நியாயப்படுத்தவில்லை. போலீஸ் நிலையத்துக்கு வந்த ட்ராட்டர் புகார் கொடுக்க மறுக்கிறார்; ஆனால் வீட்டுக்கு வந்ததும் பெரியவரின் பணத்தை அவள் கையாலேயே திருப்பிக் கொடுக்க வைக்கிறார். தண்டனைக்கும் கைவிடுவதற்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. இவளை வேறு இடத்துக்கு மாற்றிவிடலாம் என்று அதிகாரி சொல்லும்போது, "முடியவே முடியாது" என்று நிற்பதும் அதே ட்ராட்டர்தான்.

பேட்டர்சன் இதை எழுதிய காரணமும் தெரிந்துகொள்ள வேண்டியது. அவரே கம்போடியாவிலிருந்து வந்த இரண்டு பையன்களைச் சில காலம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவர். ஏதாவது பிரச்சினை வந்தால், இவர்கள் கொஞ்ச நாள்தானே இருக்கப்போகிறார்கள் என்று மனம் சமாதானம் சொல்லிக்கொண்டதாம். மனிதப் பிறவிகளை உபயோகித்துத் தூக்கிப்போடும் பொருள்போல நினைத்துவிட்டோமே என்று பிற்பாடு உறைத்திருக்கிறது. அதிலிருந்து பிறந்தவள்தான் கில்லி.

'தற்காலிகம்' என்பது ஃபைலில் எழுதும் சொல். பிள்ளையின் மனதுக்கு அந்தச் சொல் தெரியாது. இரண்டு மாதம் சோறு போட்டவளும் அதற்கு அம்மாதான்.

நாவலின் முடிவு பலருக்குப் பிடிக்காது. ட்ராட்டரோடு ஒட்டிக்கொள்வதற்கு முன்பு, அந்த வீட்டைப் பற்றி இல்லாததும் பொல்லாததும் சேர்த்து அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தாள் கில்லி. அதன் பலனாக, இப்படியொரு பேத்தி இருப்பதே அதுவரை தெரியாத பாட்டி தேடி வருகிறார். சட்டப்படி ரத்த உறவுக்கே உரிமை. வீடு என்றால் என்ன என்று புரிந்த நேரத்தில் அந்த வீட்டிலிருந்து பெயர்க்கிறார்கள். காத்துக்கிடந்த அம்மாவும் கிறிஸ்துமஸுக்கு வருகிறாள். பாட்டி பணம் கொடுத்ததால், பார்த்துவிட்டுப் போக மட்டும். விமான நிலையத்திலிருந்து ட்ராட்டருக்குப் போன் செய்து, நான் வந்துவிடுகிறேன் என்று அழுகிறாள் கில்லி. வா என்று அவர் சொல்லவில்லை. இனி உன் வீடு பாட்டி வீடுதான் என்கிறார்.

"பாவம் தாத்தா, அவங்க கூப்பிட்டிருக்கலாம்ல?" என்று பேத்தி சண்டைக்கு வந்தாள். கூப்பிட்டிருந்தால் நமக்குத்தான் நிம்மதி. பிள்ளை மறுபடியும் ஓடக் கற்றிருக்கும். மகளைத் தொலைத்த அந்தப் பாட்டிக்கும் ஒரு துணை வேண்டியிருக்கிறது. ட்ராட்டர் கொடுத்த பாசம் வீட்டோடு நின்றுபோகவில்லை. கில்லி அதைக் கையோடு எடுத்துப் போகிறாள்.

நம்மில் யாரும் சட்டத்தை மாற்றப்போவதில்லை. ஆனால் அக்காள் பிள்ளையோ, பேரனின் தோழனோ, கொஞ்ச நாளைக்கென்று நம் வீட்டில் வந்து தங்கும் பிள்ளைகள் உண்டு. எப்போது கிளம்புவான் என்று அவன் காதுபடப் பேசாமல் இருந்தாலே போதும். அவன் தட்டுக்கென்று அலமாரியில் ஓர் இடம் ஒதுக்கிவிட்டால் இன்னும் நல்லது.