விளையும் பயிரும் முளையும்

‘விளையும் பயிர் முளையிலே தெரியும்’ என்பது நம்மவர் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. பிள்ளைகளைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் இதனை எடுத்துக்காட்டாதார் அரியர். சப்பிரகமுவத் தோட்டப் பகுதிகளில் முப்பது ஆண்டுகளாக ஆசிரியத் தொழில் செய்துவரும் யானும் இதனைப் பன்முறை சொன்னதுண்டு. இப்பொழுது சொல்லத் தயங்குகிறேன். தயக்கத்திற்குக் காரணமாயிருந்தது ஒரு விளையாட்டு என்றால் அன்பர்கள் வியப்புறலாம்.

என் தமையன் மகன் கணினியில் ஆடும் விளையாட்டு அது. நம் நாட்டு எல்லே ஆட்டத்துக்கு உறவுடைய பேஸ்போல் என்னும் அமெரிக்க ஆட்டத்தில் ஒரு கழகத்தை நிருவகிப்பதே அதில் அவன் வேலை. மட்டை பிடிப்பதும் பந்தெறிவதும் அவன் செயலல்ல. இளைஞரைத் தேர்வதும் வளர்ப்பதுமே அவன் பொறுப்பு. ‘அவுட் ஒஃப் த பார்க் பேஸ்போல்’ என்பது அதன் பெயர். பட்டியலில் உள்ள ஒவ்வோர் இளைஞனுக்கும் இரு மதிப்புகள் இடப்பட்டிருந்தன. ஒன்று அவனுடைய இன்றைய திறமை. மற்றொன்று அவன் வளர்ந்தபின் எய்தக்கூடிய திறமை. 20 முதல் 80 வரை அளவை. 50 என்பது நடுத்தரம்.

“இந்த எண் மெய்தானா?” என்று வினவினேன்.

“இது தேர்வாளர் சொல்லும் மதிப்பு, சித்தப்பா. அவரும் பிழைவிடுவார்” என்றான்.

மேலும் கேட்டறிந்தபோது எனக்கு வியப்பு மிகுந்தது. ஓர் இளைஞனையே இரு தேர்வாளர் இருவேறு வகையாக மதிப்பதுண்டாம். இன்று இட்ட மதிப்பு சில ஆண்டுகளில் ஏறவும் இறங்கவும் கூடுமாம். ஆட வாய்ப்பின்றி அமர்த்தப்பட்டவன் வளரான். வலியாரோடு மோதுமாறு காலத்துக்கு முன் தள்ளப்பட்டவனும் தளர்வான். காயம் ஒருவனைக் கெடுக்கும். உழைப்பு ஒருவனை உயர்த்தும். மதிப்பீடு வேறு, மதிக்கப்படுபவன் வேறு என்னும் உண்மையை அவ்விளையாட்டை அமைத்தோர் நன்கு உணர்ந்திருக்கின்றனர்.

உணராதிருக்கவும் இயலாது. மைக் பியாசா என்பவரை 1988ஆம் ஆண்டு இளைஞர் தெரிவில் அறுபத்திரண்டாம் சுற்றில், 1,390ஆவது ஆளாகவே எடுத்தனர். அதுவும் குடும்ப நட்பின் பொருட்டு. அவரே 2016இல் அவ்வாட்டத்தின் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றார். நம் நாட்டிலும் சான்றுண்டு. தேயிலைத் தோட்டத்தில் உழைக்க இந்தியாவிலிருந்து வந்த ஒருவரின் பெயரர் முத்தையா முரளிதரன். கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் அவர் முதலில் மிதவேகப் பந்துவீச்சாளராகவே இருந்தார். பதினான்காம் வயதில் அவரைச் சுழற்பந்து வீசுமாறு பணித்தவர் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ. டெஸ்ட் ஆட்டங்களில் 800 விக்கெட்டுகள் அதன் பயன். பார்த்ததோடு முடித்துக்கொள்ளாமல் மறுமுறையும் பார்த்த ஒரு கண்ணே அங்கே வேலை செய்தது.

இரத்தினபுரி மக்களுக்கு இதனை விளக்க வேண்டியதுமில்லை. பால்போல் மங்கிய கெவுடாக் கற்களை நம்மவர் ஒருகாலத்தில் பயனற்றவையென ஒதுக்கினர். 1970களில் தாய்லாந்து வணிகர் அவற்றை மலிவாக வாங்கிச் சென்று, சூளையிலிட்டு உயர்ந்த வெப்பத்தில் காய்ச்சி, நீலக்கற்களாக்கி விற்றனர். எல்லாக் கெவுடாவும் நீலமாவதில்லை. ஆயினும் நீலமாகும் இயல்பு தம் கண்ணுக்குப் புலப்படாமையால், அஃது இல்லையென்றே பலர் துணிந்துவிட்டனர். இழப்பு யாருடையது என்பதை ஊர் அறியும்.

கல்லில் நேர்ந்த பிழை பிள்ளைகளிடத்தும் நேர்கிறது. பத்து வயதில் ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சை வருகிறது. 200 புள்ளிகளுள் வெட்டுப்புள்ளியை ஒன்றிரண்டால் தவறவிட்ட குழந்தை அன்றே ‘தேறாதது’ எனப் பெயர் பெறுகிறது. அப்பரீட்சையே வேண்டாமென்பது என் கருத்தன்று. ஏழைப் பிள்ளைகள் பலருக்கு அதன் உதவிப்பணம் கைகொடுத்திருக்கிறது. நல்ல பாடசாலைகளின் கதவும் திறந்திருக்கிறது. அளப்பது குற்றமன்று. ஒருமுறை அளந்துவிட்டு அளவுகோலை மூலையில் வைத்துவிடுவதே குற்றம்.

அக்குற்றத்தை யானும் செய்தேன். பல்லாண்டுகளுக்கு முன் ஒரு தோட்டப் பாடசாலையில் என்னிடம் பயின்ற சிறுவன் ஒருவன் நாள்தோறும் பிந்தி வருவான்; வகுப்பில் உறங்குவான்; ஒரு செய்யுளும் மனனம் ஆகாது. “இவனுக்குப் படிப்பு வராது” என்று தாயிடம் கூறினேன். அவ்வம்மை “சரிங்க ஐயா” என்றதன்றி வேறு சொல்லவில்லை. அவர் விடியுமுன் இறப்பர் பால் வெட்டச் செல்வதையும், தங்கையைத் தூக்கிப்போய்ப் பிள்ளைக்காம்பராவில் விட்ட பின்பே மகன் பள்ளிக்கு வருவதையும் யான் கேட்டறியவில்லை. அவன் பதினான்கு வயதில் கொழும்புக் கடையொன்றுக்குப் போய்விட்டான்.

அண்மையில் கொழும்பில் ஓர் இரும்புக்கடைக்குச் சென்றேன். கணக்கு மேசையிலிருந்தவர் முப்பது பொருள்களின் விலையைத் தாளின்றிக் கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவரோடு சிங்களத்திலும் மற்றவரோடு தமிழிலும் பேசினார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். நாற்காலி இட்டார், தேநீர் தருவித்தார். பழையதைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. விடைபெறும்போது மட்டும், தம் மகனுடைய கொப்பியை எடுத்து என் கையில் தந்து, “இவனுக்குப் படிப்பு வருமா, ஐயா?” என்று கேட்டார்.

என் சொல்லை இன்னும் மதித்துக் கேட்கிறாரே என்று நாணினேன். “இப்பொழுதே எப்படிச் சொல்வது? ஆண்டுதோறும் பார்த்து வருவோம்” என்றேன்.

ஆசிரியத் தோழர்களுக்கு யான் சொல்லக்கூடியதும் இதுவே. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் ஏடு வையுங்கள். கணக்கு, கைத்திறன், பேச்சு, ஆட்டம் ஆகியவற்றை நாளிட்டுக் குறியுங்கள். பிந்தி வருவதன் காரணத்தை லயத்துக்குச் சென்று கேளுங்கள். அடுத்த ஆண்டு பழைய குறிப்பை அடித்துத் திருத்த அஞ்சாதீர்கள். ‘வராது’ என்னும் சொல்லை மட்டும் எழுதாதீர்கள். முளையைப் பார்த்த உழவன் எவனும் அன்றோடு நீர் பாய்ச்சுவதை நிறுத்துவதில்லை.