பிள்ளைப் பெருமை

நவராத்திரியில் நண்பர்கள் வீட்டுக் கொலுவுக்குப் போவதென்றால் எனக்குக் கொஞ்சம் பயந்தான். சுண்டலைக் குறித்து அல்ல. சுண்டலுக்கு முன்னால் வருவதைக் குறித்து. "மாமாவுக்கு ஒரு பாட்டுப் பாடம்மா" என்று தாயார் சொல்லுவாள். குழந்தை தூணைக் கட்டிக்கொண்டு நிற்கும். "நேற்று எவ்வளவு நன்றாய்ப் பாடினாள், தெரியுமா? இன்றைக்கு என்னவோ வெட்கப்படுகிறாள்" என்று தகப்பனார் சிபார்சு செய்வார். கடைசியில் குழந்தை இரண்டு அடி பாடிவிட்டு, மூன்றாவது அடியில் உள்ளே ஓடிப் போய்விடும். அப்போது பெற்றோர் முகத்தைப் பார்க்கவேண்டுமே! நாலு மணி நேரக் கச்சேரியை நடத்தி முடித்துவிட்டவர்கள் மாதிரி பூரித்துப் போயிருப்பார்கள்.

இதைச் சொல்லிச் சிரிக்க எனக்கு யோக்கியதை கிடையாது. நானும் அந்தக் கோஷ்டியைச் சேர்ந்தவன்தான்.

என் பையன் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில், தேசத் தலைவர்களைப் பற்றி ஒரு வியாசப் போட்டி வைத்தார்கள். அவன் பண்டித மோதிலால் நேருவைப் பற்றி நாலு பக்கம் எழுதி, என்னிடம் கொண்டுவந்து காட்டினான். அதுதான் அவன் செய்த பிசகு. நான் சிவப்புப் பென்ஸிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எழுந்தபோது, அவனுடைய சொந்த வாக்கியங்கள் ஒரு பக்கத்துக்குத் தேறியிருந்தால் அதிகம். "தியாக தீபம்" என்றும் "தவப் புதல்வர்" என்றும் நான் சேர்த்த அலங்காரங்களுக்கோ கணக்கில்லை.

முதற் பரிசு வந்தது. அன்று மாலை நான் நாலு தெரு சுற்றிப் போய் நாலு நண்பர்களைப் பார்த்துவிட்டு வந்தேன். "நான் ஒன்றும் சொல்லிக் கொடுப்பதில்லை, அவனாகவே எழுதுகிறான்" என்று கூடச் சொன்னேன். அந்தப் பொய் எப்படி அவ்வளவு சரளமாக வாயில் வந்தது என்று எனக்கே ஆச்சரியந்தான்.

மறுநாள் பையன் வெறுங்கையோடு வீடு திரும்பினான்.

"பரிசுப் புத்தகம் எங்கேயடா?"

"வேண்டாமென்று சொல்லிவிட்டேன், அப்பா. பாதிக்கு மேல் நீங்கள் எழுதியது என்று உபாத்தியாயரிடம் சொன்னேன். அடுத்த பையனுக்குக் கொடுத்துவிட்டார்."

அப்போது எனக்குப் பெருமை உண்டாயிற்று என்று எழுதினால் வாசகர்கள் சந்தோஷப்படுவார்கள். உண்டானது கோபந்தான். நாலு நண்பர்களின் முகங்களும் ஒவ்வொன்றாகக் கண் முன்னே வந்தன. "உன்னை யார் கேட்டார்கள்?" என்று இரைந்தேன். அவன் பதில் பேசவில்லை. சமையலறையிலிருந்து என் மனைவிதான், "யாரும் கேட்காமலே சொன்னானே, அதைக் கவனித்தீர்களா?" என்றாள்.

இரவு தூக்கம் வரவில்லை. எழுந்து விளக்கைப் போட்டுக்கொண்டு, பையனுடைய முதல் பிரதியை எடுத்துப் படித்தேன். சிவப்புக் கோடுகளுக்கு அடியில் ஒரு பாரா நசுங்கிக் கிடந்தது. ஓரத்தில், "வீரரசம் போதாது, எடுத்துவிடு" என்று நானே எழுதியிருந்தேன்.

அந்தப் பாராவில் இருந்த விஷயம் இதுதான். 1919-ஆம் வருஷம் ரௌலட் சட்டத்தை எதிர்க்கக் காந்திஜி சத்தியாக்கிரக சபையை ஏற்படுத்தினார். அதில் சேருவதென்றால் சிறைக்குத் தயாராகவேண்டும். ஜவாஹர்லால் சேரத் துடித்தார். மோதிலாலுக்கு மனம் ஒப்பவில்லை. அலகாபாத்தில் அவர் பிரபல வக்கீல். ஆனந்த பவனத்தில் ராஜபோகம். ஒரே மகனை ஹாரோவிலும் கேம்பிரிட்ஜிலும் படிக்க வைத்து, பாரிஸ்டராக்கி, 1912-ல் ஊருக்கு வரவழைத்தவர். அந்த மகன் சிறைக்குப் போவதா? வீட்டில் வாதம் ஓயவில்லை. தகப்பனார் மனம் நோகும்படி அவசரப்பட்டு ஒன்றும் செய்யவேண்டாம் என்று காந்திஜியே ஜவாஹரிடம் சொல்லவேண்டியதாயிற்று. அந்த நாட்களில்தான் மோதிலால் பஞ்சணையை விட்டு இறங்கி, வெறுந் தரையில் படுத்துப் பார்த்தார். எதற்காக? சிறையில் மகனுக்கு எப்படியிருக்கும் என்று தெரிந்துகொள்வதற்காக! இது தமக்குப் பிற்பாடுதான் தெரிந்தது என்று ஜவாஹர்லால் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

அப்புறம் நடந்தவை தேசம் அறிந்தவை. 1920-ல் மோதிலால் வக்கீல் தொழிலையே விட்டார். 1921 டிசம்பரில் தந்தையும் மகனும் ஒரே நாளில் கைதானார்கள். 1928-ல் தந்தையின் கமிட்டி டொமினியன் அந்தஸ்தைச் சிபார்சு செய்தது. பூரண சுதந்திரத்துக்குக் குறைந்து எதுவும் கூடாதென்று மகன் எதிர்த்து நின்றார். அந்த வருஷம் கல்கத்தா காங்கிரஸில் தந்தை அக்கிராசனர். 1929-ல் லாகூரில் மகன் அக்கிராசனர். மகன் பிடிவாதமாய்க் கேட்ட பூரண சுயராஜ்யம், அங்கே காங்கிரஸின் தீர்மானமாயிற்று. 1931 பிப்ரவரியில் மோதிலால் காலமானார்.

ஹாரோவும் கேம்பிரிட்ஜும் கொலுவில் வைக்கிற பெருமை. பணமும் சிரத்தையும் இருந்தால் பிள்ளையின் சாமர்த்தியத்தை நாமே வளர்க்கலாம். நாலு பேருக்குக் காட்டலாம். கொஞ்சம் சிவப்புப் பென்ஸிலும் போடலாம். குணம் அப்படியல்ல. சில சமயம் அது நம்மையே எதிர்த்துக்கொண்டு வந்து நிற்கும். அந்தச் சமயத்தில் கட்டிலை விட்டுத் தரைக்கு இறங்குகிற மனம் பெற்றவர்களுக்கு வேண்டும். என் பிள்ளை இதைப் பள்ளிக்கூட வயதிலேயே கண்டு எழுதியிருந்தான். நான் அடித்துவிட்டேன்.

மறுநாள் மாலை, அந்த நாலு நண்பர்கள் வீட்டுக்கும் மறுபடி போனேன். நடையில் முதல் தடவை இருந்த வேகம் இல்லை. நடந்ததைச் சொன்னேன். மூன்று பேர் சிரித்தார்கள். நாலாமவர் மட்டும் சிரிக்காமல், "பையன் யாரைக் கொண்டு பிறந்திருக்கிறான்?" என்று கேட்டார்.

"தாயாரை" என்று சொல்லிவிட்டு வந்தேன்.