நிலைத்த தர்மத்திற்கு நிலைத்த இருக்கை



சென்னையின் கடலோர மஹல்லா ஒன்றில், அஸர் தொழுகை முடிந்து நாம் வெளியே வந்தபோது, பள்ளிவாசல் வாயிலருகே அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் பெஞ்சோடு சரிந்து விழுந்தார். இரும்புக் குழாயாலான அதன் கால், வெல்டிங் செய்த இடத்தில் துருவேறி முறிந்திருந்தது. எலும்புக்குச் சேதமில்லை, அல்ஹம்துலில்லாஹ். எனினும் முழங்கையைத் துருத் தகடு கிழித்துவிட்டது. அப்பெஞ்சின் முதுகில், மறைந்த ஒரு தாயின் பெயர் எழுதப்பட்டிருந்தது. அவருக்கு நன்மை சேரட்டும் என்று பிள்ளைகள் வைத்து மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன.

அப்பிள்ளைகளின் நிய்யத்தில் குறை காண நாம் யார்? ஆனால் மரணத்திற்குப் பின்னும் நன்மை தொடரும் செயல்களுள் ஒன்றாக நிலையான தர்மத்தை நபி (ஸல்) அவர்கள் குறிப்பிட்டார்கள். நிலைக்க வேண்டியதற்கு நிலைக்காத பொருளைத் தேர்ந்தெடுப்பது பொருந்துமா? பாதையிலிருந்து துன்பம் தருவதை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று கற்ற நாம், துன்பம் தரக்கூடியதை அங்கே கொண்டுபோய் வைக்கலாமா?

கடற்காற்றில் உப்பு இருக்கிறது. மேலே பளபளக்கும் பெயின்ட்டைப் பார்த்து நாம் ஏமாந்துவிடுகிறோம். குழாயின் திறந்த முனை வழியே புகும் மழைநீர் உள்ளிருந்தே இரும்பைத் தின்கிறது. முறியும் நாள் வரை அது கண்ணுக்குத் தெரிவதில்லை. எவர்சில்வர் என்றால் போதும் என்பதும் சரியன்று. கடைகளில் பெரும்பாலும் கிடைக்கும் 304 வகையிலும் கடலோரத்தில் பழுப்புக் கறையும் சிறு குழிகளும் விழும். மாலிப்டினம் கலந்த 316 வகையே உப்பை நன்கு தாங்கும். விலை சற்றுக் கூடுதல்தான். பிளாஸ்டிக் நாற்காலி விருந்துக்கு ஏற்றது. ஆனால் வெயிலிலேயே கிடந்தால் வெளிறி, நொறுங்கத் தொடங்கும். சிமென்ட் பெஞ்சில் கம்பிக்கு மேலுள்ள பூச்சு மெலிதாக இருந்தால், உள்ளே துரு பருத்து வெளிப்புறத்தைப் பிளந்துவிடும்.

மரம் விரும்புவோர் வைரம் பாய்ந்த தேக்கையே கேட்டு வாங்க வேண்டும். வெளிப்புற வெண்பகுதியைக் கறையான் விடாது. மரக்கால் மண்ணைத் தொடாதபடி கல்லின்மேல் நிறுத்துவது நலம்.

நம் கருத்தில், பொது இடத்திற்குக் கருங்கல்லே முதல் தேர்வு. அதில் துருப்பிடிக்க ஒன்றுமில்லை. பழைய இரும்புக் கடையில் விற்க எவரும் திருடிச் செல்வதுமில்லை. நம் ஊர்ச் சாலையோரங்களில் முன்னோர் நட்ட சுமைதாங்கிக் கற்கள், சுமப்பாரற்ற இக்காலத்திலும் நிற்கின்றன அல்லவா? கல் வெயிலில் சுடும் என்பது உண்மையே. ஆகவே வேப்பமர நிழலிலோ கூரையின் கீழோ, முதியவர் சாய்ந்துகொள்ளச் சுவரை ஒட்டியோ அமைக்கலாம்.

“அவ்வளவு செலவுக்கு எங்கே போவது?” என்று கேட்கலாம். பத்து பெஞ்சுகளை வைத்துச் சில ஆண்டுகளில் குப்பையில் எறிவதும் செலவுதானே? அது வீண்விரயமும் ஆகும். நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒரே ஒரு கல்லிருக்கை வைத்தாலும் அதுவே மேல். வைத்ததோடு கடமை முடிந்ததாகவும் கருதலாகாது. ஆண்டுதோறும் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், மஹல்லா இளைஞர்கள் ஒவ்வோர் இருக்கையையும் அசைத்துப் பார்க்கட்டும். ஆடுவதை அன்றே அகற்றட்டும்.

விழுந்த அப்பெரியவர் இப்போது வாயிற்படியில் அமர்கிறார். பெஞ்சு இருந்த இடம் இன்னும் காலியாகவே உள்ளது. அதை நிரப்பப்போகும் கரம், நிலைத்திருப்பதைக் கொண்டு நிரப்ப வல்ல ரஹ்மான் அருள்புரிவானாக. ஆமீன்.