குத்துச்சண்டை நாள் அல்ல!

டிசம்பர் 26 வந்தால் மெல்போர்ன் கிரிக்கெட் வர்ணனையில் ‘பாக்ஸிங் டே’ என்று கேட்கிறோம். குத்துச்சண்டைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ‘பாக்ஸ்’ என்பது இங்கே கிறிஸ்துமஸ் இனாம் பெட்டி. செருப்புக் கடைப் பையன்களின் பெட்டியில் காசு போட்டதை, 1663-இலேயே லண்டன்வாசி சாமுவேல் பீப்ஸ் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

இங்கிலாந்தின் பெரிய வீடுகளில் கிறிஸ்துமஸ் அன்று வேலையாட்களுக்கு ஓய்வு கிடையாது. விருந்து சமைத்துப் பரிமாற வேண்டுமே! மறுநாள்தான் பரிசுப் பெட்டியோடு தம் குடும்பத்தைப் பார்க்கப் போவார்கள். 1871-இல் சர் ஜான் லப்பாக் கொண்டுவந்த சட்டம் அந்த நாளை வங்கி விடுமுறையாக்கியது.

சமையலாள் இல்லாத வீட்டில் எஜமானர் குடும்பத்துக்கு முதல்நாள் மீந்த ஆறிய இறைச்சிதான் சாப்பாடு. மீந்த உருளைக்கிழங்கையும் முட்டைக்கோஸையும் பிசைந்து வதக்கும் ‘பபிள் அண்ட் ஸ்க்வீக்’ இன்றும் அங்கே அன்றைய பலகாரம்.

பண்டிகையன்று பணி பார்த்தால் சில வேலைகளில் அதற்கு ஈடு உண்டு. நம் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாவுக்கு? தீபாவளி, பொங்கலன்றுதான் அவருக்கு இரட்டை வேலை. மறுநாள் மீந்த சாம்பாரைத் தூக்கில் ஊற்றிக் கொடுத்துவிட்டு, தர்மம் செய்ததாக நினைத்துக்கொள்கிறோம்.

என் யோசனை இதுதான். விருந்தன்று சூடாக முதல் பங்கு அவருக்கு. மறுநாள் சம்பளத்துடன் லீவு. மீந்தது நமக்கு. சோற்றில் நீரூற்றிப் பழையதாக்கி, குழம்பைச் சுண்டவைத்துத் தொட்டுக்கொண்டால் அமிர்தம். அன்றைய பாத்திரங்களையும் நாமே தேய்ப்போம். கை தேய்ந்துவிடாது!