சினிமா படிக்கணுமாம்!

பிளஸ் டூ முடித்த பெண், “எனக்கு இன்ஜினீயரிங் வேண்டாம்மா, சினிமா படிக்கப் போறேன்” என்றால் நமக்குப் பகீரென்கிறது, இல்லையா? “அப்பா காதிலே விழுந்தா அவ்வளவுதான்” என்று வாயை அடைத்துவிடாதீர்கள், சகோதரிகளே! “சினிமாவிலே எதைப் படிக்கப் போறே?” என்று கேளுங்கள். பதிலிலேயே ஆசையா, ஆர்வமா என்பது தெரிந்துவிடும்.

சினிமா ஒரே தொழில் அல்ல. இயக்கம், ஒளிப்பதிவு, எடிட்டிங், ஒலிப்பதிவு, அனிமேஷன் என்று ஒவ்வொன்றும் தனிப் படிப்பு. மணிக்கணக்கில் உட்காரும் பொறுமை இருந்தால் எடிட்டிங். கூர்மையான காதும் பௌதிகத்தில் விருப்பமும் இருந்தால் ஒலிப்பதிவு. 2009-ல் ஆஸ்கார் பரிசு வாங்கிய ரசூல் பூக்குட்டி, புனே திரைப்படக் கல்லூரியில் ஒலிப்பதிவு படித்தவர்தான்.

சென்னை தரமணியில் எம்.ஜி.ஆர். பெயரிலுள்ள அரசுப் பயிற்சி நிறுவனத்தில், பிளஸ் டூ முடித்தவர்களுக்கு நான்கு வருடப் பட்டப்படிப்பு இருக்கிறது. புனேயிலும், கல்கத்தா சத்யஜித் ரே நிறுவனத்திலும் இயக்கம், ஒளிப்பதிவு போன்ற மூன்று வருடப் படிப்புகளுக்கு ஒரு டிகிரி வேண்டும். நுழைவுத் தேர்வும் உண்டு. மனசு நிலைப்படாத பெண்ணை முதலில் விஷுவல் கம்யூனிகேஷன் சேர்க்கலாம். விளம்பரம், டி.வி., பத்திரிகை என்று வேறு கதவுகளும் திறந்திருக்கும்.

தனியார் கல்லூரியா? கட்டடத்தைப் பார்த்து மயங்காதீர்கள். பட்டம் தருவது எந்தப் பல்கலைக்கழகம், எத்தனை பேருக்கு ஒரு காமிரா, படிப்பு முடிவதற்குள் எத்தனை குறும்படம் எடுக்க விடுவார்கள் என்று விசாரித்த பிறகே பணம் கட்டுங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். படப்பிடிப்பில் யாரும் சர்டிபிகேட்டைக் கேட்பதில்லை; கைத்திறனைத்தான் பார்ப்பார்கள். பி.ஆர். விஜயலட்சுமி, ஒளிப்பதிவாளர் அசோக்குமாரிடம் உதவியாளராக இருந்தே தொழில் கற்று, 1985-ல் ‘சின்ன வீடு’ படத்துக்குத் தாமே ஒளிப்பதிவு செய்தார். படித்துவிட்டு வந்தாலும் முதல் சில வருடங்கள் உதவியாளர் வேலைதான். மாதச் சம்பளம் போல வருமானம் வராது. அதுவரை வீடு தாங்குமா என்று கணவரோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். பெண்ணையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு போடுங்கள். கணக்கைப் பார்த்த பிறகும், “படிக்கிறேம்மா” என்றாளானால், தைரியமாக விண்ணப்பம் வாங்கிக் கொடுங்கள்!