வாய்டு மெயினுக்கு எப்போது விடை கொடுப்போம்?

இன்று கொஞ்சம் புலம்பல்.

லேப் ரெகார்டில் பத்துக்குப் பத்து வாங்கிய ஃபாக்டோரியல் ப்ரோக்ராமை, கூரத்தில் எங்கள் வீட்டில் ஜிசிசியில் போட்டுப் பார்த்தேன். கம்பைலே ஆகவில்லை!

ரெகார்டில் இருப்பது டர்போ சி++. 1990-ல் டாஸுக்காக வந்தது. சி++ மொழிக்கு ஐஎஸ்ஓ தரம் வந்ததோ 1998-ல். மெயின் என்றால் 'இன்ட்' என்று அதில் தெளிவாக இருக்கிறது. நாமோ இன்னும் 'வாய்டு மெயின்' எழுதி, டாஸ்பாக்ஸுக்குள் ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

திருத்துவது பெரிய வேலையா? வாய்டை இன்ட் ஆக்கி, ஐஓஸ்ட்ரீமின் '.எச்'-ஐ எடுத்து, நேம்ஸ்பேஸ் வரி சேர்த்து, கோனியோவைத் தூக்கினேன். ஐந்தே நிமிடம்.

"லாஜிக் புரிந்தால் போதாதா?" என்பார்கள். சரி, லாஜிக்கையே பார்ப்போம். 8 ஃபாக்டோரியல் 40320. டர்போவில் இன்ட் 16 பிட், உச்சம் 32767. அதனால் -25216 என்று வரும். ஜிசிசியில் சரியாக வரும், ஆனால் 13-ல் அதுவும் கவிழும். இன்ட் குறைந்தது 16 பிட் என்பதுதான் தரம் தரும் உத்தரவாதம். தப்பு கம்பைலரில் இல்லை, நம் கோடில்.

இன்னும் மோசம், ஒரே வரியில் ஐ++, ++ஐ இரண்டையும் போட்டு "விடை என்ன?" என்று கேட்கும் கேள்வி. சி தரப்படி அதற்கு விடையே கிடையாது. கம்பைலருக்குக் கம்பைலர் மாறும். தரம் படித்தவனுக்கு சைபர், டர்போ விடையை மனப்பாடம் செய்தவனுக்கு இரண்டு மார்க்!

நம்ம மாவட்டத்து உத்திரமேரூரில் 919-ல் தேர்தல் விதியைக் கல்லில் வெட்டினார்கள். 921-லேயே அதைத் திருத்தி மறுபடி வெட்டினார்கள். கல்லில் வெட்டியதையே மாற்றினார்கள். ரெகார்ட் நோட்டை மாற்ற முடியாதா?